‘நார்மல்’ என்று எழுதுவதற்கு முன்: சர்க்கரை நோய் மருத்துவர்களுக்கும் இரத்தப் பரிசோதனைக் கூடம் நடத்துவோருக்கும் ஒரு திறந்த மடல்

ஐயா, அம்மா,

சென்ற மாதம் என் நாத்தனாரை எங்கள் ஊர்ப் பரிசோதனைக் கூடம் ஒன்றுக்கு அழைத்துச் சென்றேன். எட்டு ஆண்டுகளாக அவருக்குச் சர்க்கரை. மருத்துவர் சீட்டில் ‘கிரியேட்டினின்’ என்று எழுதியிருந்தார். சிறுநீரகம் இரத்தத்திலிருந்து வடித்து வெளியேற்றும் கழிவுப்பொருள் அது. மாலையில் ரிப்போர்ட் வந்தது: 1.0. பக்கத்தில் 0.6 முதல் 1.1 வரை இயல்பு என்ற குறிப்பு. ஈஜிஎஃப்ஆர் எங்கே என்று கேட்டேன். சிறுநீரகங்கள் நிமிடத்துக்கு எத்தனை மில்லி இரத்தநீரை வடிகட்டுகின்றன என்று காட்டும் மதிப்பீடு அது. வரவேற்பில் இருந்த பெண், “அது கிட்னி பேக்கேஜில்தான் வரும் மேடம், தனியாகப் பணம் கட்ட வேண்டும்” என்றார். அந்தப் பெண்மேல் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. அப்படிச் சொல்லும்படி வைத்திருப்பது உங்கள் முடிவு. அந்த முடிவை என்னால் வாய்மூடி ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

ஈஜிஎஃப்ஆர் போடக் கூடுதலாக ஒரு சொட்டு இரத்தம்கூட வேண்டாம். ரசாயனம் வேண்டாம், இயந்திரம் வேண்டாம். கிரியேட்டினின் அளவு, வயது, ஆணா பெண்ணா என்ற விவரம் ஆகிய மூன்றையும் ஒரு சூத்திரத்தில் இட்டால் விடை வந்துவிடும். நான் அரசு மேல்நிலைப் பள்ளியில் கணிதம் கற்பிக்கிறேன். என் பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகள் அந்தக் கணக்கை ஒரு நிமிடத்தில் போட்டுவிடுவார்கள். உங்கள் கணினி அதைப் போட ஒரு நொடிகூட ஆகாது. மூன்று விவரங்களும் ஏற்கெனவே அதே தாளில் அச்சாகியிருக்கின்றன. அந்த விடைக்குத் தனியாக விலை வைப்பது எந்த நியாயத்தில் சேரும்?

அங்கேயே நின்று நானே கணக்கிட்டேன். நாத்தனாருக்கு வயது 49. ஈஜிஎஃப்ஆர் 69 வந்தது. அந்த வயதில் 90-க்கு மேல் இருந்தால்தான் இயல்பு என்பார்கள். கிரியேட்டினின் இயல்பு என்று அச்சிட்ட அதே தாளில் இந்த 69-ஐயும் அச்சிட்டிருந்தால், அதைக் கையில் வாங்கும் மருத்துவர் ஒரு கணமாவது நின்று பார்த்திருப்பார். அவர் நிற்கவில்லை. ‘நார்மல்’ என்று சொல்லி, மூன்று மாதம் கழித்து வரச் சொல்லிவிட்டார்.

இந்த ‘நார்மல்’ எப்படி முடியும் என்பதை எங்கள் வீட்டில் பார்த்துக்கொண்டிருக்கிறோம். அதனால்தான் எழுதுகிறேன்.

என் கணவர் அரசுப் பேருந்தில் நடத்துநராக இருந்தவர். ஒல்லியான உடம்பு. பத்துப் பன்னிரண்டு மணி நேரம் நின்றபடியே வேலை. நாற்பது வயதுக்கு மேல் சர்க்கரை வந்தது. மாத்திரையை அவர் தவறவிட்டதில்லை. மருத்துவர் சொன்ன நாளில் போய் இரத்தம் கொடுத்துவிடுவார். எல்லா ரிப்போர்ட்டுகளையும் ஒரு பிளாஸ்டிக் கோப்பில் ஆண்டுவாரியாக அடுக்கி வைத்திருந்தார். டிரிப் ஷீட்டை ஒழுங்காக வைத்துப் பழகிய கை அல்லவா. அந்தக் கோப்புதான் இப்போது என் சாட்சி.

2016-இல் அவருக்கு 52 வயது. கிரியேட்டினின் 0.8. 2018-இல் 1.0. 2020-இல் 1.2. 2021-இல் 1.3. ஒவ்வொரு தாளிலும் 0.7 முதல் 1.3 வரை இயல்பு என்று அச்சாகியிருக்கிறது. ஒவ்வொன்றிலும் எண்ணின் மேல் ஒரு பேனா டிக். தடித்த எழுத்து இல்லை, நட்சத்திரக் குறி இல்லை, ஒரு சொல் எச்சரிக்கை இல்லை.

அதே எண்களை, இன்று பரவலாகப் பின்பற்றப்படும் 2021-ஆம் ஆண்டு சிகேடி-எபி சூத்திரத்தில் இட்டுப் பார்த்தேன். 2016-இல் ஈஜிஎஃப்ஆர் 106. 2018-இல் 89. 2020-இல் 71. 2021-இல் 64. ஐந்து ஆண்டுகளில் நாற்பது விழுக்காடு போயிருக்கிறது. ஒரு தடவைகூட ‘இயல்பு’ என்ற எல்லைக்கோட்டைக் கிரியேட்டினின் தாண்டவில்லை. ஆண்டுக்கு 5-க்கு மேல் தொடர்ந்து குறைந்தால் அதை வேகமான சரிவு என்று கேடிஐஜிஓ என்னும் பன்னாட்டு சிறுநீரக வழிகாட்டுக் குழு வரையறுக்கிறது. என் கணவருக்கு ஆண்டுக்கு எட்டுக்கு மேல் சரிந்துகொண்டிருந்தது. ஒரு தாளைப் பார்த்தால் அது தெரியாது. நான்கு தாள்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் யாருக்கும் தெரியும். வைத்துப் பார்க்க அங்கே யாரும் இல்லை.

2022-இல் கிரியேட்டினின் 1.7 ஆனது. அப்போதுதான் முதல் தடவையாக எண் தடித்த எழுத்தில் வந்தது. “உப்பு கொஞ்சம் ஏறியிருக்கிறது, கிட்னி டாக்டரைப் பாருங்கள்” என்று சொல்லி அனுப்பினார்கள். ஈஜிஎஃப்ஆர் அப்போதே 46-க்கு இறங்கிவிட்டது.

மதுரையில் சிறுநீரக மருத்துவர் கேட்ட முதல் கேள்வி, சிறுநீரில் ஆல்புமின்-கிரியேட்டினின் விகிதம் எப்போது பார்த்தீர்கள் என்பது. பார்த்ததே இல்லை. அத்தனை ஆண்டுகளும் சிறுநீரில் சர்க்கரை இருக்கிறதா என்று பார்த்திருக்கிறார்கள். ஆல்புமின் என்ற இரத்தப் புரதம் கசிகிறதா என்று பார்க்கவில்லை. 30-க்குக் கீழே இருக்க வேண்டிய அந்த விகிதம் என் கணவருக்கு 1,150 இருந்தது. அடுத்து அவர் சிஸ்டாட்டின் சி என்ற இரத்தப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தார். அந்தப் பெயரையே அன்றுதான் கேள்விப்பட்டோம். அதில் 1.9 வந்தது, அதை வைத்துக் கணக்கிட்டால் ஈஜிஎஃப்ஆர் 33. கிரியேட்டினின் 46 என்று சொன்ன அதே சிறுநீரகங்களை இது 33 என்று சொன்னது.

இரண்டுக்கும் ஏன் இத்தனை இடைவெளி என்று கேட்டேன். அவர் பொறுமையாக விளக்கினார். கிரியேட்டினின் தசையிலிருந்து வருவது. தசை குறைந்த உடம்பில் அது குறைவாகவே உற்பத்தியாகும். எனவே சிறுநீரகம் கெட்டிருந்தாலும் இரத்தத்தில் எண் தணிவாகத் தெரியும். சிஸ்டாட்டின் சி உடம்பின் எல்லா உயிரணுக்களிலிருந்தும் வரும் சிறு புரதம். தசையை அவ்வளவாகச் சார்ந்ததல்ல. தைராய்டு கோளாறு, ஸ்டீராய்டு மருந்து, அதிக உடல் பருமன் இவற்றால் அதுவும் மாறும் என்பதால் இரண்டையும் சேர்த்துக் கணக்கிடுவதே நல்லது. 2024-இல் வந்த கேடிஐஜிஓ வழிகாட்டுதலும், வசதி இருக்கும் இடங்களில் இரண்டையும் சேர்த்தே மதிப்பிடச் சொல்கிறது.

இது ஒல்லியான ஒரு நடத்துநரின் கதை மட்டும் அல்ல. நம் ஊர்களில் சர்க்கரை வந்தவர்களில் எத்தனை பேர் திடகாத்திரமான உடம்புக்காரர்கள்? கையும் காலும் மெலிந்து, வயிறு மட்டும் தள்ளியிருக்கும் உடல்வாகு நம்மில் எவ்வளவு சாதாரணம் என்று உங்களுக்குத் தெரியாததல்ல. இந்தியர்களின் தசை அளவும் இறைச்சி உணவும் குறைவு என்பதால் கிரியேட்டினின் சூத்திரங்கள் சிறுநீரகத் திறனை உள்ளதைவிடக் கூட்டிக் காட்டுகின்றன என்று சண்டிகர் பி.ஜி.ஐ. மருத்துவ நிறுவனத்தின் மருத்துவர்கள் 2018-இலேயே ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். அப்படியானால் அந்த 106, 89, 71, 64 எல்லாமே உண்மை நிலையைவிட நல்ல சேதியாகவே இருந்திருக்கக்கூடும். அந்த நல்ல சேதியைக்கூட எங்களுக்கு யாரும் சொல்லவில்லை.

மதுரை மருத்துவர் மாத்திரைகளை மாற்றினார். மெட்ஃபார்மின் அளவைக் குறைத்தார். இங்கே மருத்துவர்களிடம் ஒன்று கேட்கிறேன். மெட்ஃபார்மினை ஈஜிஎஃப்ஆர் 45-க்குக் கீழே போனால் குறைக்க வேண்டும், 30-க்குக் கீழே நிறுத்த வேண்டும் என்பது நீங்கள் படித்ததுதான். நாள்தோறும் நூற்றுக்கணக்கான சீட்டுகளில் எழுதும் மருந்து அது. அந்த எண்ணைப் பார்க்காமல் எதை வைத்து அளவை முடிவு செய்கிறீர்கள்?

வலி மாத்திரையும் அப்படித்தான். நின்று நின்று இடுப்பு வலிக்கும்போதெல்லாம் என் கணவர் மருந்துக் கடையில் டைக்ளோஃபெனாக் வாங்கிப் போட்டுக்கொள்வார். நடத்துநர்கள், ஓட்டுநர்கள் பலரும் போடுவதுதான். சிறுநீரகம் தளர்ந்தவர்களுக்கு அது நஞ்சு என்று ஒருவர் சொல்லியிருந்தால் அன்றோடு விட்டிருப்பார். சொல்வதற்குச் சிறுநீரகம் தளர்ந்திருப்பது யாருக்காவது தெரிந்திருக்க வேண்டுமே.

ஓய்வு பெற்ற மறு ஆண்டே, 2025-இல், டயாலிசிஸ் தொடங்கிவிட்டது. டிக்கெட் கிழித்த இடது கையில் இப்போது ஃபிஸ்டுலா, டயாலிசிஸுக்காக இரண்டு இரத்தக் குழாய்களை இணைத்த இடம். மேலே விரல் வைத்தால் உள்ளே இரத்தம் அதிர்ந்து ஓடுவது தெரியும். அதிர்வு இருக்கிறதா என்று காலையில் எழுந்தவுடன் தொட்டுப் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். நின்றுவிட்டால் உடனே ஓட வேண்டும். அந்தக் கையில் ஊசி போடக் கூடாது, இரத்த அழுத்தம் பார்க்கக் கூடாது, கனமான பை தூக்கக் கூடாது. அளந்து வைத்த தண்ணீருக்கு மேல் ஒரு வாய் குடிக்கக் கூடாது. கோடையில் அவர் நாக்கை நனைக்க ஐஸ் துண்டுக்காகக் கை நீட்டும்போது, அதையும் தண்ணீர்க் கணக்கில் சேர்க்க வேண்டியிருக்கிறது.

மருத்துவர்களாகிய நீங்கள் சொல்லக்கூடிய பதில் எனக்குத் தெரியும். முன்கூட்டியே தெரிந்திருந்தால் மட்டும் என்ன செய்திருக்க முடியும் என்பீர்கள். பத்து ஆண்டுகளுக்கு முன்பு அதில் ஓரளவு நியாயம் இருந்தது. இரத்த அழுத்தத்தை அடக்குவதும், லோசார்டன், இர்பெசார்டன் வகை மாத்திரைகளும்தான் கையில் இருந்தன; அவை சிறுநீரகத்தைக் காக்கும் என்று 2001-இலேயே நிறுவப்பட்டும் இருந்தது. 2019-க்குப் பிறகு நிலைமையே வேறு. அந்த ஆண்டு வெளிவந்த கிரெடன்ஸ் ஆய்வில் கனாக்லிஃப்ளோசின் என்ற சர்க்கரை மாத்திரை, சிறுநீரகச் செயலிழப்பு உள்ளிட்ட பெரிய பாதிப்புகளின் அபாயத்தை 30 விழுக்காடு குறைத்தது. 2020-இல் டாபா-சிகேடி ஆய்வில் அதே வகை மாத்திரையான டாபாக்லிஃப்ளோசின் 39 விழுக்காடு குறைத்தது. அதே 2020 அக்டோபரில் டாபாக்லிஃப்ளோசினுக்கு இந்தியாவில் காப்புரிமை முடிந்து, உள்நாட்டு நிறுவனங்கள் வரிசையாகத் தயாரிக்க, விலை சரிந்தது. 2025 மார்ச்சில் எம்பாக்லிஃப்ளோசினும் அப்படியே. சிறுநீரகத்தைக் காக்கும் ஃபினரினோன் என்ற இன்னொரு மாத்திரையும் வந்துவிட்டது. செமாக்ளூடைடு என்ற சர்க்கரை மருந்தும் சிறுநீரகத்துக்கு நல்லது என்று 2024-இல் தெரிந்துவிட்டது.

2020-இன் கடைசியில் என் கணவரின் ஈஜிஎஃப்ஆர் 71. விலை குறைந்த மருந்து கடைக்கு வந்துவிட்டது. அவருக்கு அது கிடைத்தது 2022-இல், பாதிக்கு மேல் வடுவான பிறகு. அந்த இரண்டு ஆண்டுகளைப் பற்றித்தான் இந்த மடல் முழுவதும்.

இனி, நீங்களே உங்கள் மாநாடுகளில் பேசும் புதிய இரத்தக் குறியீடுகளுக்கு வருகிறேன். நான் மருத்துவம் படித்தவள் அல்ல. ஆனால் டயாலிசிஸ் அறைக்கு வெளியே நான்கு மணி நேரம் உட்கார்ந்திருக்கும் ஒருவருக்குப் படிக்க நேரம் கிடைக்கிறது.

பாஸ்டனில் உள்ள ஜாஸ்லின் நீரிழிவு மையத்தின் ஆய்வாளர்கள் 2012-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். இரண்டாம் வகைச் சர்க்கரை உள்ள 410 பேரைப் பல்லாண்டுகள் தொடர்ந்து கவனித்து எழுதியது. அழற்சியோடு தொடர்புடைய டிஎன்எஃப் ஏற்பிகள் என்ற புரதங்கள் இரத்தத்தில் எவ்வளவு மிதக்கின்றன என்று தொடக்கத்திலேயே அளந்து வைத்திருந்தார்கள். அந்த ஏற்பிகளில் முதலாவது வகை மிக அதிகமாக இருந்த கால்பங்கினரில் 54 விழுக்காட்டினர் 12 ஆண்டுகளுக்குள் சிறுநீரகச் செயலிழப்புக்குப் போனார்கள். மற்றவர்களில் அப்படிப் போனவர்கள் 3 விழுக்காடுதான். இந்த இரண்டு எண்களையும் நான் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். சர்க்கரை உள்ள எல்லோருக்கும் சிறுநீரகம் போவதில்லை. யாருக்குப் போகும், யாருக்கு நிற்கும் என்பதைப் பிரித்துச் சொல்லும் தகவல் பல ஆண்டுகளுக்கு முன்பே இரத்தத்தில் இருக்கிறது என்பதுதான் அதன் பொருள்.

அதன் தொடர்ச்சியாக வந்ததுதான் கிட்னிஇன்டெல்எக்ஸ். டிஎன்எஃப் ஏற்பிகள் இரண்டு, சிறுநீரகக் குழாய்களில் காயம் பட்டால் இரத்தத்தில் கூடும் கிம்-1 என்ற புரதம், இவற்றோடு நோயாளியின் மற்ற விவரங்களையும் சேர்த்து, சரிவின் அபாயத்தைக் குறைவு, நடுத்தரம், அதிகம் என்று மூன்றாகப் பிரிக்கும் பரிசோதனை அது. இரண்டாம் வகைச் சர்க்கரையோடு சிறுநீரக நோயும் தொடங்கிவிட்டவர்களுக்கு அதைப் பயன்படுத்த அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2023 ஜூனில் அனுமதி தந்தது. ஆஸ்திரேலியாவில் ஃப்ரீமேன்டில் நகரத்துச் சர்க்கரை நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்த ஆய்விலிருந்து பிராமார்க்கர்டி என்ற இன்னொரு பரிசோதனை வந்தது. அது மூன்று இரத்தப் புரதங்களோடு வயது, நல்ல கொழுப்பு, ஈஜிஎஃப்ஆர் ஆகியவற்றைச் சேர்த்து, அடுத்த நான்கு ஆண்டுகளில் என்ன ஆகும் என்று முன்னறிவிக்கிறது.

இவை எல்லாம் இங்கே வர வேண்டும் என்று நான் கைதட்டிக் கேட்கவில்லை. எப்படி வரப்போகின்றன என்று எனக்கு அச்சமாக இருக்கிறது. ஒரு கூட்டல் கணக்கையே பேக்கேஜில் வைத்து விற்கும் கூடங்கள், இந்தப் புரதப் பரிசோதனைகளை என்ன விலைக்கு விற்கும்? வாங்க முடிந்தவருக்கு மட்டும் வருமுன் காக்கும் வாய்ப்பு, வாங்க முடியாத நடத்துநருக்கும் பீடி சுற்றும் பெண்ணுக்கும் தீப்பெட்டித் தொழிலாளிக்கும் டயாலிசிஸ் என்று ஆகிவிடக் கூடாது. இன்னொன்று, இந்தப் பரிசோதனைகள் அமெரிக்கர்களின் இரத்தத்திலும் ஆஸ்திரேலியர்களின் இரத்தத்திலும் அளவு எடுத்துத் தைத்த சட்டைகள். நம்மவர்கள்மேல் போட்டுப் பார்க்காமலே பொருந்தும் என்று விற்கக் கூடாது. மெலிந்த உடம்பில் கிரியேட்டினின் சூத்திரம் தவறிய அனுபவம் நமக்கு ஏற்கெனவே இருக்கிறது.

போட்டுப் பார்க்கும் திறமை நம்மிடம் இல்லையா? 2001-இல் தொடங்கிய சென்னை நகர்ப்புற-ஊரக ஆய்வு, கியூர்ஸ், உலகம் மேற்கோள் காட்டும் ஆய்வு. சென்னையில் சர்க்கரை உள்ளவர்களில் 26.9 விழுக்காட்டினருக்குச் சிறுநீரில் ஆல்புமின் சிறிதளவு கசிகிறது என்று 2007-இலேயே அது சொன்னது. நான்கில் ஒருவருக்கு மேல். அந்தச் சிறு கசிவு சாதாரணக் குச்சிப் பரிசோதனையில் பெரும்பாலும் தெரியாது. விகிதம் பார்த்தால்தான் தெரியும். அதற்கும் முன்பே, 1990-களில், மருத்துவர் எம்.கே. மணி அவர்களின் கிட்னி ஹெல்ப் டிரஸ்ட் சென்னைக்கு வெளியே கிராமங்களில் வீடு வீடாகப் போனது. பள்ளிப் படிப்பை முடித்த உள்ளூர்ப் பெண்களைப் பழக்கி, சிறுநீரையும் இரத்த அழுத்தத்தையும் பார்க்க வைத்து, மலிவான மருந்துகளாலேயே சிறுநீரக நோயைத் தடுக்க முடியும் என்று காட்டியது. கோடிகள் தேவைப்படவில்லை. இந்த மண்ணில், இந்த மக்களை வைத்து நடந்தது அது. அந்த அனுபவம் ஊர் ஊராகப் பரவாமல் போனதை நினைத்தால் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

2023-இல் வெளியான ஐசிஎம்ஆர்-இந்தியாப் ஆய்வு, நாட்டில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் என்றது, தமிழ்நாட்டில் 14.4 விழுக்காடு. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டு வாசலுக்கே மாத்திரை வருகிறது. எங்கள் தெருவில் வரும் சுகாதாரத் தன்னார்வலர் வெயிலில் நடந்து வந்து, பெயர் சொல்லிக் கூப்பிட்டு, இரத்த அழுத்தம் பார்த்து, மாத்திரையை எண்ணிக் கொடுத்துவிட்டுப் போகிறார். அந்தக் கைகளுக்கு இன்னும் ஒரு கருவி கொடுத்தால் எத்தனை சிறுநீரகங்களைக் காப்பாற்றலாம் என்று பார்க்கும்போதெல்லாம் தோன்றுகிறது.

என் கோரிக்கைகளைச் சொல்கிறேன்.

பரிசோதனைக் கூடம் நடத்துவோரே: பதினெட்டு வயதைக் கடந்தவருக்குக் கிரியேட்டினின் பார்க்கும் ஒவ்வொரு முறையும், கேட்காமலே, கட்டணம் இல்லாமல், ஈஜிஎஃப்ஆர் அச்சிடுங்கள். எந்தச் சூத்திரம் என்பதையும் அச்சிடுங்கள். பிரிட்டனின் பொது மருத்துவச் சேவைக் கூடங்கள் 2006-இலிருந்து இதைச் செய்துவருகின்றன. உங்களுக்குத் தேவைப்படுவது மென்பொருளில் ஒரு வரி. அதே ஆள் முன்பு உங்களிடம் கொடுத்த இரத்தத்தின் முடிவுகள் உங்கள் கணினியில் இருக்கின்றன. அவற்றையும் பக்கத்திலேயே ஆண்டுவாரியாகக் காட்டுங்கள். சரிவு அப்போதுதான் கண்ணில் படும். பெயரையும் வயதையும் சரியாகப் பதிவு செய்யுங்கள். தோராயமாக ‘50’ என்று அடிக்கும் வயதில் இந்தக் கணக்கு பிழையாகிவிடும். ஈஜிஎஃப்ஆரைப் பேக்கேஜுக்குள் வைத்து விற்பதை நிறுத்துங்கள். சிஸ்டாட்டின் சி பரிசோதனையின் விலையை, பேருந்து நடத்துநர் ஒருவர் யோசிக்காமல் கொடுக்கக்கூடிய அளவுக்குக் கொண்டுவர வழி பாருங்கள்; அதிகம் பேருக்குச் செய்தால் செலவு குறையும் என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

மருத்துவர்களே: இரண்டாம் வகைச் சர்க்கரை என்று கண்டறிந்த அன்றே ஒரு முறை, பிறகு ஆண்டுக்கு ஒரு முறையாவது, ஈஜிஎஃப்ஆரும் சிறுநீர் ஆல்புமின்-கிரியேட்டினின் விகிதமும் பாருங்கள். இரண்டில் ஒன்று போதாது. ஆல்புமின் கசியாமலே சிறுநீரகம் சரிகிறவர்கள் உண்டு. ஈஜிஎஃப்ஆர் நன்றாக இருக்கும்போதே கசிகிறவர்களும் உண்டு. இரண்டு எண்களையும் நோயாளியின் சீட்டிலேயே, மூன்று மாதச் சர்க்கரை அளவுக்குப் பக்கத்தில் எழுதுங்கள். மெலிந்தவர்கள், முதியவர்கள், காலை இழந்தவர்கள் வந்தால் கிரியேட்டினினை மட்டும் நம்பாமல் சிஸ்டாட்டின் சி கேளுங்கள். சரிவு தெரிந்தால், சிறுநீரகத்தைக் காக்கும் மருந்துகளைப் பற்றி அந்த வருகையிலேயே பேசுங்கள். வலி மாத்திரையைப் பற்றியும் கேளுங்கள். உங்கள் அறைக்கு வெளியே நிற்கும் கூட்டம் எனக்குத் தெரியும். ஒரு நோயாளிக்கு மூன்று நிமிடம்கூடக் கிடைக்காத நாள்கள் உண்டு என்பதும் தெரியும். அதனால்தான் அந்த எண் கேட்காமலே தாளில் வந்து நிற்க வேண்டும் என்கிறேன்.

இந்த மடலின் படியை மக்கள் நல்வாழ்வுத் துறைக்கும் அனுப்புகிறேன். துறையிடம் கேட்பவை இவை: ஈஜிஎஃப்ஆர் இல்லாமல் கிரியேட்டினின் ரிப்போர்ட் வெளியிடக் கூடாது என்று தனியார் கூடங்களுக்கும் அரசுக் கூடங்களுக்கும் ஒரே ஆணையாகப் பிறப்பியுங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் சர்க்கரைக்கு மாத்திரை வாங்கும் ஒவ்வொருவருக்கும் ஆண்டுக்கு ஒரு முறை ஆல்புமின் விகிதம் பார்க்கப்படட்டும். குச்சிப் பரிசோதனையோடு நின்றுவிட வேண்டாம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் எல்லாவற்றிலும் சிஸ்டாட்டின் சி இலவசமாகக் கிடைக்க வேண்டும். டிஎன்எஃப் ஏற்பிகள், கிம்-1 போன்ற குறியீடுகள் தமிழ்நாட்டுச் சர்க்கரை நோயாளிகளிடம் எந்த அளவுக்குச் சரியாக முன்னறிவிக்கின்றன என்று, அரசுப் பணத்தில், அரசு மருத்துவக் கல்லூரிகள் வழியாக ஆராயுங்கள். கிராமத்தாரும் தொழிலாளரும் அந்த ஆய்வில் இருக்க வேண்டும். முடிவு எதுவானாலும் தமிழிலும் வெளியிடுங்கள். பயன்படும் என்று தெரிந்தால் காப்பீட்டுத் திட்டத்துக்குள் கொண்டுவாருங்கள். பயன்படாது என்று தெரிந்தால் கூடங்கள் அதை விற்கத் தடை விதியுங்கள்.

ஒவ்வொரு மார்ச் மாதமும் இரண்டாவது வியாழக்கிழமை உலக சிறுநீரக நாள். அன்று எங்கள் ஊரில் உங்கள் பதாகைகள் நிற்கும், சலுகை விலையில் முகாம் நடக்கும். வரும் மார்ச்சுக்குள் ஈஜிஎஃப்ஆரைக் கட்டணமின்றி அச்சிடத் தொடங்கிவிட்ட கூடங்கள் எவை, தொடங்காதவை எவை என்று, எங்கள் டயாலிசிஸ் அறையில் சந்தித்துக்கொள்ளும் குடும்பங்கள் சேர்ந்து பட்டியல் எடுக்கப்போகிறோம். தொடங்காதவற்றின் பட்டியலை மாவட்ட சுகாதார அலுவலரிடம் எழுத்தில் கொடுத்து, பதிலும் எழுத்தில் கேட்போம். என் நாத்தனாரின் அடுத்த பரிசோதனை இன்னும் இரண்டு மாதத்தில் வருகிறது. அந்தத் தாளில் கிரியேட்டினினுக்குக் கீழே அடுத்த வரியை எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு கணித ஆசிரியை,
விருதுநகர் மாவட்டம்